போய்ப் படுங்க என்றது என் ரூபி

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உண்மையைச் சொன்னால் பள்ளிக்கூடம்தான் முதலில் கும்பிட்டது. மரியாதை தெரிந்த பிள்ளை என்பதால் நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். என் கணக்குத் தாளைப் பார்த்த வாத்தியார், இவன் லோரி ஓட்டத்தான் லாயக்கு என்றார். பெரியவர்கள் சொல்லைத் தட்டக்கூடாதல்லவா? பதினெட்டு வருடமாக லோரிதான் ஓட்டுகிறேன். ஜொகூரில் தம்போயில் நாற்காலி, மேசை ஏற்றுவேன், இரண்டாவது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் இறக்குவேன், வெறும் லோரியோடு திரும்புவேன்.

இப்படிப்பட்டவனுக்கு ரூபி எப்படி வந்தது என்று கேட்பார்கள். பாலத்தில் வந்தது. அங்கே லோரி வரிசை ஒரு தடவை நின்றால் இஞ்சினை அணைத்துவிட்டு ஒரு தூக்கம் போடலாம். நான் தூங்கித் தூங்கி அலுத்துப்போய், கைப்பேசியில் கம்ப்யூட்டர் பாடம் பார்க்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டருக்கு ஏகப்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாத்தியார், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மருந்து விற்பவன் வேகத்தில் பேசினார். ரூபி சொல்லிக்கொடுத்தவர் மட்டும் மெதுவாகப் பேசினார். நடுவில் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். நமக்கு ஏற்ற ஆள் இவர்தான் என்று அங்கேயே முடிவு பண்ணினேன். மற்றவர்கள் ஏதேதோ பெரிய காரணம் சொல்லி ரூபியைத் தேர்ந்தெடுப்பார்களாம். என் காரணம் கொட்டாவி.

மொழியும் பரவாயில்லை, வாய்விட்டுப் படித்தால் மனிதர்கள் பேசுவது மாதிரியே இருக்கும். ஒரே ஒரு தொல்லை. எதை ஆரம்பித்தாலும் கடைசியில் 'எண்ட்' என்று எழுதி மூடவேண்டும். லோரியின் பின்கதவை மூடாமலேயே பல தடவை செனாய் வரைக்கும் போனவன் நான். என் முதல் ஆறு மாதப் பிழைகளில் பாதி, மூடாத கதவுகள்தான்.

முதலில் செய்த வலைத்தளம் ஒரே ஒரு பொத்தான். 'பாலத்தில் ஜாமா?' என்று எழுதியிருக்கும். அமுக்கினால் 'ஆமா' என்று பதில் வரும். உள்ளே வேறு எதுவும் கிடையாது. அது எந்தக் கேமராவையும் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. லோரிக்கார நண்பர்கள் இரண்டு வருடம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள். எப்படி லா இவ்வளவு துல்லியமா சொல்லுது என்று ஒருவர் வியந்தார். ஒரு பொது விடுமுறையன்று மட்டும் பாலம் காலியாக இருக்கிறது என்று புகார் வந்தது. அடுத்த பதிப்பில் 'ஆமா லா' என்று மாற்றினேன்.

இரண்டாவது, மனைவிக்காகச் செய்தது. இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று அவள் தினமும் யோசிப்பதைப் பார்த்து மனம் பொறுக்காமல், பட்டியலிலிருந்து ஒரு சாப்பாட்டைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கொடுக்கும் தளம். பட்டியலில் ஆறு சாப்பாடு போட்டேன். அதில் ஐந்து, வேறு வேறு பெயரில் சார்டின். மூன்று நாள் அவள் சார்டின் சமைத்தாள். நான்காம் நாள், பட்டியலைத் திருத்தும் பக்கத்துக்கு நான் பூட்டே போடவில்லை என்பதைக் கண்டுபிடித்து, 'கடையில வாங்கிட்டு வாங்க' என்று ஒன்பது தடவை எழுதிச் சேர்த்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் நான் கடை கடையாக நின்று சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேன். ரூபி என்னைவிட அவள் சொல்லைத்தான் கேட்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாகச் செய்ததைத்தான் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இன்றும் பேசுகிறார்கள்.

எங்கள் வீடு சாலையின் கடைசி வீடு. அதற்கப்புறம் ஒரு பெரிய கால்வாய்தான். தீபாவளி முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாலையில் ஆறு வீடுகள் ஓப்பன் ஹவுஸ் வைப்பார்கள். பத்திரிகையில் இதற்குத் திறந்த இல்ல உபசரிப்பு என்று அழகாகப் பெயர். தாமானில் உள்ளவர்கள், வேலையிடத்து நண்பர்கள், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவார்கள். ஆறு வீடும் ஒரே நேரம், பன்னிரண்டு மணிக்குக் கேட்டைத் திறக்கும். வருகிறவர்கள் சாலை முனையிலிருந்து ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது அவர்களுக்கு மூச்சு மட்டும்தான் விட முடியும்.

போன வருடம் என் மனைவி ஏழு கிலோ ஆட்டுக்கறி பிரட்டல் செய்தாள். கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. இரண்டு நாள் லீவு எடுத்துச் சமைத்தாள். அவள் பிரட்டலைப் பற்றி நான் சொன்னால் புருஷன் சொல்கிறான் என்பீர்கள். சாப்பிட்டவர்கள் சொல்லட்டும் என்றால், சாப்பிட்டவர்களே இல்லை. வந்தவர்கள் எல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஃபுல் அக்கா, ஒரு முறுக்கு மட்டும் கொடுங்க என்றார்கள். அவள் சாயங்காலம் வரை சிரித்தபடியே முறுக்கு கொடுத்தாள். ஐந்து மணிக்குப் பானையை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அப்புறம் ஆறு நாள் நாங்கள் இருவரும் அதையே சாப்பிட்டோம். ஆறாம் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த வருசம் ஓப்பன் ஹவுஸ் வேணாங்க. கேட்டைப் பூட்டிட்டு எங்கயாச்சும் போயிடலாம்."

எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு எழுந்துபோய் இன்னும் ஒரு கரண்டி கறி போட்டுக்கொண்டு வந்தேன். அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை, கறியைத்தான் பிசைந்துகொண்டிருந்தாள்.

அதனால் இந்த வருடம் அந்தப் பானை காலியாகவேண்டும். அதற்காகத்தான் ரூபியை இழுத்தேன். திட்டம் ரொம்பச் சுலபம். ஆறு வீடும் ஒரே நேரத்தில் திறக்காமல், பன்னிரண்டு மணியிலிருந்து ஆளுக்கு ஒரு மணி நேரம். எந்த வீட்டின் நேரமோ, அந்த வீட்டுக்கு மட்டும் என் தளத்தில் பச்சை விளக்கு எரியும். எல்லாரும் கைப்பேசியில் பச்சையைப் பார்த்து அந்த வீட்டுக்குப் போவார்கள். பாலத்தில் நிற்கும்போதும், ஞாயிறு காலையில் போர்ச்சில் துணிதுவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் எழுதினேன். இயந்திரம் துணி பிழியும்போது மேசை ஆடும். அந்த நேரத்தில் எழுதிய வரிகளைப் பார்த்தாலே தெரியும்.

மூலை வீட்டு அண்ணன்தான் எங்கள் தாமான் குரூப்பை நடத்துகிறவர். எதற்கும் சட்டம் போடுவது அவருக்குப் பிடிக்கும். போன வருடம் யாரோ பத்து மணிக்கே அவர் வீட்டுக்கு வந்து, துண்டோடு இருந்த அவரைப் பார்த்துவிட்டார்களாம். அதனால் என் பச்சை விளக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பச்சை எரியாமல் யாரும் எந்தக் கேட்டையும் தாண்டக்கூடாது என்று குரூப்பில் மூன்று தடவை எழுதினார். யாருக்கு எந்த நேரம் என்று கேட்டபோது, கம்ப்யூட்டர் குலுக்கிப் போடட்டும், அதுதான் நியாயம் என்றேன். குலுக்கல் நியாயமாகத்தான் நடந்தது. என் வீட்டுக்குப் பன்னிரண்டு மணி விழும்வரை குலுக்கினேன், ரூபிக்குக் கை வலிக்காது. எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு மணி விழுந்தது.

வேடிக்கைக்காக இன்னொன்றும் செய்தேன். எந்த வீட்டுக்கும் நேரம் வராதபோது தளத்தில் 'இன்னும் யாரும் அடுப்பு பத்த வைக்கல. போய்ப் படுங்க' என்று வரும்படி எழுதினேன். எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

மடிக்கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. சனிக்கிழமை அதை, எல்லாரும் பார்க்கும்படி, இணையத்தில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அது எந்த நாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இருப்பதிலேயே மலிவான வாடகை. அன்றைக்கு இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது தளத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அடடா, எவ்வளவு அழகான பச்சை என்று மனைவியிடம் காட்டினேன். நல்லாருக்குங்க என்றாள் அவளும். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எரியவேண்டிய விளக்கு முந்தின நாள் எட்டு மணிக்கு ஏன் எரிகிறது என்று கேட்க அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவளாவது சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஞாயிறு காலை கூடாரம் போட்டு, மேசைக்குத் துணி விரித்து, சிராப் சர்பத்தில் ஐஸ் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மக்சிக் என்போம். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் முஸ்லிம் கடையில் சொல்லி வைத்த பிரியாணி தனியாக வந்தது. இந்த வருடம் கறி எட்டுக் கிலோ. என்னை நம்பி ஒரு கிலோ கூட்டியிருந்தாள். பதினொன்றே முக்காலுக்குப் புதுச் சேலையோடு கேட்டருகில் போய் நின்றாள்.

பன்னிரண்டு மணி ஆனது. யாரும் வரவில்லை. பன்னிரண்டே கால், அப்போதும் யாரையும் காணோம். சாலையில் ஆறு கூடாரம், ஒரு பூனை. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. கைப்பேசியை எடுத்துத் தளத்தைத் திறந்தேன். பச்சையே இல்லை. என் ஜோக்தான் பெரிய எழுத்தில் இருந்தது. யாரும் அடுப்பு பத்த வைக்கவில்லையாம். போய்ப் படுக்கவேண்டுமாம். தாமான் முழுக்க, பட்டும் ஜிப்பாவும் உடுத்திக்கொண்டு, பசியோடு, அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுக் கேட்டு படார் என்று திறந்தது. அக்கா ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் நெய் உருண்டை டின்னுமாக வந்தார். தீபாவளிக்கு ஒரு வீட்டுப் படியை வெறுங்கையோடு மிதிக்கக்கூடாது எங்களுக்கு. திட்டப் போனாலும் அப்படித்தான்.

"என்னா தம்பி, காலைலேர்ந்து அடுப்படில வெந்துகிட்டு இருக்கேன், உன் மிசின் என்னைப் போய்ப் படுக்கச் சொல்லுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி டின்னை வாங்கிக்கொண்டு, அக்காவைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் தட்டை வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடவைக்காமல் அனுப்புவதும் எங்களுக்குக் கிடையாது. அக்கா திட்டிக்கொண்டே ஒரு துண்டு கறியை வாயில் போட்டார். அதற்கப்புறம் அவர் என்ன திட்டினார் என்று சரியாகப் புரியவில்லை. இரண்டாவது தடவை சோறு கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அடுத்து மூலை வீட்டு அண்ணன், குடும்பத்தோடு, கையில் அச்சு முறுக்கோடு வந்தார். சட்டப்படி பச்சை எரியாமல் வரக்கூடாதுதான், ஆனால் இது விசாரணை, விருந்து இல்லை என்றார். விசாரணைக்கும் தட்டு கொடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மக்சிக் எட்டிப் பார்த்து, "அடிக், செமுவா ரூமா தீடோர் கா?" என்றார். எல்லா வீடும் தூங்குதா என்று அவருக்கு உண்மையிலேயே சந்தேகம். அவரையும் அவர் மகள்களையும் பிரியாணி மேசைக்குக் கூட்டிவந்தோம்.

நான் மடிக்கணினியைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்து, இறைச்சித் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். வாடகைக் கம்ப்யூட்டரிடம் இப்போது மணி என்ன என்று ரூபியில் கேட்டேன். நான்கரை என்றது. விடிகாலை நான்கரை. எனக்கு எல்லாம் விளங்கியது. நான் எழுதியதில் மணியை மட்டும்தான் கேட்டிருந்தேன், யார் ஊர் மணி என்று கேட்கவில்லை. என் மடிக்கணினி தம்போயில் இருப்பதால் தம்போய் மணி சொன்னது. அந்தக் கம்ப்யூட்டர் தன் நேரத்தைச் சொன்னது. எட்டு மணி நேரம் பின்னால். நேற்றைய அழகான பச்சையின் ரகசியமும் அதுதான்: இங்கே எட்டு மணியானபோது அதற்கு உச்சிவெயில்.

அந்த இடத்தில் ஓர் எட்டைக் கூட்டினால் போதும். அவசரத்தில் முதலில் எட்டைக் கழித்தேன். கணக்கு வாத்தியார் எங்கிருந்தாலும் தும்மியிருப்பார். அப்புறம் கூட்டினேன். ஏற்றுகிற பொத்தானில் கை வைக்கப் போனேன். தோளுக்குப் பின்னால் கரண்டியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து காதருகே சொன்னாள்.

"கையை எடுங்க."

"கண்டுபிடிச்சிட்டேன் மா. ஒரு எட்டைக் கூட்டினேன், ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்."

"தெரியும். பானைல இன்னும் பாதி இருக்கு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கூடாரத்துக்குள் இருபது பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் பசி. எங்கள் வீட்டுக்கு முன்னால் எந்த வீட்டிலும் அவர்கள் சாப்பிட்டிருக்கவில்லை. இன்னும் நாலு பேர் டின்னும் கையுமாக, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். பச்சை எரிந்திருந்தால்கூட இத்தனை பேர் வந்திருப்பார்களா தெரியாது. சாப்பிட வரச் சொன்னால் யோசித்து வருகிறவர்கள், திட்டலாம் என்றால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவருகிறார்கள்.

கையை எடுத்தேன். ஆனால் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வருமே. என் பெயரை நாற்பது தடவை தட்டினேன். நெற்றியைச் சுருக்கினேன். யாராவது எட்டிப் பார்த்தால், ரொம்பச் சிக்கல் அண்ணே, வேர்லயே கோளாறு என்று பெருமூச்சு விட்டேன். மூலை வீட்டு அண்ணன் மூன்றாவது தட்டோடு வந்து திரையைப் பார்த்தார்.

"ஏன் தம்பி உன் பேரே வரிசையா நிக்குது?"

"அதுதான் அண்ணே கோளாறு. எல்லா இடத்துலயும் நான்தான் இருக்கேன்."

அது உண்மைதான் என்று தலையாட்டினார். உடனே குரூப்பில், கோளாறு பெரியது, கேட்கவேண்டியவர்கள் நேரில் வந்து கேட்கவும் என்று எழுதிப்போட்டார். அதைப் பார்த்துவிட்டு இன்னும் பதினைந்து பேர் நேரில் கேட்க வந்தார்கள். அடுத்த தாமானில் இருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் என் தளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா தங்கள் பங்குக்குத் திட்டினார்கள். சாப்பிட்டவர்கள் திட்டுவதை மறந்து பிரட்டலுக்கு என்ன மசாலா என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மனைவி நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். போன வருடச் சிரிப்பு வேறு, இது வேறு. பல்லெல்லாம் தெரிந்தது.

ஒன்றரை மணிக்குப் பானையில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தத்தை ஒரு தடவை பதிவு செய்து வைத்துக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. அவள் கூடாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, எல்லாருடைய தலைக்கும் மேலாக, என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தாள்.

பொத்தானைத் தட்டினேன். கூடாரம் முழுக்கக் கைப்பேசிகளில் பச்சை எரிந்தது, எதிர்வீட்டுக்கு. எதிர்வீட்டு அக்கா அப்போது எங்கள் வீட்டில் பாயசத்தோடு உட்கார்ந்திருந்தார். ஐயோ என் வீடு லா என்று எழுந்து, கையில் பாயசக் கிண்ணத்தோடேயே சாலையைக் கடந்து ஓடினார். அவர் பின்னால் நாற்பது பேரும் கூட்டமாக நடந்தார்கள். அன்றைக்கு ஊர்வலம் மாதிரி ஒரே கூட்டமாகத்தான் எல்லா வீட்டுக்கும் போனார்கள். போன வருடம் வயிறு ஃபுல் என்று சொன்னவர்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அக்காவுக்கு அரை மணி நேரம் குறைந்ததென்று நான் எல்லாருடைய நேரத்தையும் அரை மணி தள்ளிப்போட்டேன். குற்ற உணர்ச்சி எனக்கும் கொஞ்சம் உண்டு. இந்தப் பக்கத்தை அவர் படித்தால் இன்னொரு டின்னோடு வருவார், வரட்டும்.

எல்லாரும் போன பிறகு தட்டை எடுத்துக்கொண்டு பானையருகே போனேன். கூட்டத்துக்குப் பரிமாறியதில் நான் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை. அவள் பானையைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் ஒரு பட்டைத் துண்டும் இரண்டு கறிவேப்பிலையும் இருந்தன.

"எனக்கு?"

"அக்கா வீட்டுல பச்சை எரியுதில்ல, அங்க போய்ச் சாப்பிடுங்க."

பானையைக் குழாயடியில் வைத்து, புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்தேன். பாதி தேய்த்தவள் நிறுத்தினாள்.

"அந்த எட்டைக் கூட்டினேன்னு சொன்னீங்களே, அதை அழிக்க எவ்ளோ நேரமாகும்?"

ஒரு நொடிகூட ஆகாது என்றேன்.

"அப்ப அடுத்த வருசம் காலைலயே அழிச்சிடுங்க," என்றாள். "நான் பத்துக் கிலோ வாங்கறேன்."